பாதாளத்தில் நிற்கும் காருக்கு வாடகை யார் கொடுப்பது?

ஊருக்கு நடுவே சொந்தமாக ஓர் இடம் இருந்தால், “உனக்கென்னப்பா குறைச்சல்?” என்பார்கள். ராஜபாளையம் கடைத்தெருவில் அப்பா விட்டுப்போன மனையை வைத்திருக்கும் அந்த 58 வயதுக்காரரும் சமீபம்வரை அப்படித்தான் நினைத்திருந்தார்.

நாற்பது அடி அகலம், நூறு அடி நீளம். அதில் ஓட்டுக் கூரையோடு ஐந்து கடைகள். தையற்கடை, வளையல் கடை, நாட்டு மருந்துக் கடை, கடிகாரம் பழுதுபார்ப்பவர், ஓரத்தில் ஒரு டீக்கடை. எல்லாம் அப்பா காலத்து வாடகைதாரர்கள், ஏறக்குறைய அப்பா காலத்து வாடகை. மழை வந்தால் ஒழுகும். மில் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் இடித்துவிட்டு, தரைத்தளத்துக்கு மேல் இரண்டு மாடி எழுப்ப வேண்டும். வாடகையில் மகளின் படிப்புக் கடனை அடைத்துவிட்டு மிச்சக் காலத்தை ஓட்ட வேண்டும். இதுதான் அவர் போட்ட கணக்கு. ஸ்ரீவில்லிபுத்தூரில் வாழ்க்கைப்பட்ட அக்காவுக்கும் இடத்தில் சரிபாதி உண்டு. அவரும் சரி என்றிருந்தார்.

இன்ஜினீயர் பிளான் கொண்டுவந்தார். முதல் தாளில் கடை எதுவும் இல்லை. ஒரு பெரிய பள்ளம்தான் இருந்தது.

“இது எதுக்குங்க?”

“பேஸ்மென்ட் சார். பார்க்கிங்.”

2019-ல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, கட்டடம் பெரிதாகப் பெரிதாக, அங்கே வரும் வண்டிகளுக்கு மனைக்குள்ளேயே இடம் காட்ட வேண்டும். தெருவைப் பார்த்த தரைத்தளத்தை வண்டிக்கு விட்டால் நல்ல வாடகை தரும் முகப்பு போய்விடும். பூமிக்குக் கீழே போனால் முகப்பு மிஞ்சும். தவிர, வண்டி நிறுத்தும் தளத்தை எஃப்.எஸ்.ஐ. கணக்கில் சேர்ப்பதில்லை என்பதால், மேலே கட்டும் பரப்பும் குறையாது. கேட்பதற்கு லாபமாகத்தான் இருந்தது.

சரிவுப்பாதையில்தான் முதல் இடி. கார் வழுக்காமல் இறங்க வேண்டுமென்றால், எட்டு அடி நீளத்துக்கு ஓர் அடிதான் இறக்கம் வைக்கலாம். பத்தடி ஆழத்துக்கு இறங்க எண்பது அடிப் பாதை வேண்டும். மனையின் நீளமே நூறு அடி! ஒரு கார் நிற்க 2.5 மீட்டருக்கு 5 மீட்டர், அதாவது 135 சதுர அடி போதும். ஆனால் அது உள்ளே வர, திரும்ப, வெளியே போக விடும் இடத்தையும் சேர்த்தால் காருக்கு 300 சதுர அடிக்குக் குறையாமல் ஆகிவிடும். சரிவு, தூண்கள், சுவர்கள் எல்லாம் போக, அந்தப் பள்ளத்தில் ஆறு கார் நின்றால் அதிகம்.

அடுத்தது செலவு. நாலு பக்கமும் மண்ணைத் தாங்கும் கான்கிரீட் சுவர் வேண்டும். தோண்டும்போது பக்கத்துக் கட்டடத்தின் பழைய அஸ்திவாரம் சரியாமல் முட்டுக்கொடுக்க வேண்டும். நீர்க்கசிவைத் தடுக்கத் தனி வேலை. மலையடிவார ஊர் என்பதால் ஐப்பசி, கார்த்திகை மழையில் உள்ளே இறங்கும் தண்ணீரை இறைக்கத் தொட்டியும் மோட்டாரும். புகை வெளியேற மின்விசிறி, தீயணைப்புக் குழாய், எப்போதும் எரியும் விளக்கு. மேலே ஒரு மாடி கட்டுவதைவிடக் கீழே ஒரு தளம் இறக்குவது எப்போதுமே சதுர அடிக்கு அதிகம் பிடிக்கும். மேல்மாடி வாடகை தரும். கீழ்த்தளம் கரன்ட் பில்தான் தரும்.

“அப்ப இதுக்கான காசு?” என்று கேட்டார்.

“கடை வாடகையில ஏத்திக்க வேண்டியதுதான் சார். எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க.”

அந்த ஒரு வரியை அவரால் ஜீரணிக்க முடியவில்லை.

பக்கத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. மதுரையில் மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் கட்டடங்கள் 9 மீட்டருக்கு மேல் உயரக் கூடாது. அந்த எல்லைக்குள், வடக்கு ஆவணி மூல வீதியில், ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் தரைக்கு அடியிலும் தளங்களோடு ஒரு வாகன நிறுத்தம் கட்டினார்கள். 110 கார்கள், சுமார் 1,400 டூவீலர்கள் நிற்கலாம். செலவு 40 கோடி ரூபாய்க்கும் மேல். நாலு டூவீலரை ஒரு காருக்குச் சமமாக வைத்துப் பார்த்தால்கூட, ஒரு கார் நிற்கும் இடத்துக்கு ஒன்பது லட்சத்தை ஒட்டி வருகிறது. இதில் நிலத்தின் விலை சேரவில்லை. புதிதாக வாங்கும் ஒரு சின்னக் காரின் விலையைவிட, அது நிற்கும் இடம் விலை கூடியது!

ஒன்பது லட்சத்துக்கு ஒன்பது சதவீத வட்டி என்றால் வருடத்துக்கு 81,000 ரூபாய். ஒரு நாளைக்கு 220 ரூபாய்க்கு மேல். மணிக்கு 20 ரூபாய் வாங்கினாலும், தினமும் பதினோரு மணி நேரம் அந்த இடம் காலியில்லாமல் இருந்தால்தான் வட்டியாவது கட்ட முடியும். அசல் அப்படியே நிற்கும். ஆனால் கடைக்கு வருகிறவரிடம் மணிக்கு 20 ரூபாய் கேட்டால் அவர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். அதனால்தான் ‘பார்க்கிங் இலவசம்’ என்று போர்டு வைத்துவிட்டு, அந்தக் காசைப் புடவை விலையிலும் மருந்துக் கடை வாடகையிலும் சேர்த்துவிடுகிறார்கள்.

பிளானைச் சுருட்டி எடுத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் போனார். அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாள் தாளாகப் பார்த்தார்.

“ஏன்டா தம்பி, நம்ம கடைக்கு யாரு கார்ல வர்றா? சேத்தூர்ல இருந்தும் தளவாய்புரத்துல இருந்தும் பஸ்ஸுல வந்து ரவிக்கை தைக்கக் குடுத்துட்டுப் போறவங்கதானே? காரே இல்லாதவ எதுக்குடா அடுத்தவன் கார் நிக்கக் காசு கொடுக்கணும்?”

“காலம் மாறுதுக்கா. நாளைக்குக் கார்ல வர்றவன் நிறுத்த இடமில்லைன்னா உள்ளயே வர மாட்டான்.”

“இங்க ஆடிப்பூரத் தேரன்னிக்கு வந்து பாரு. வண்டியை எல்லாம் ஊருக்கு வெளியவே நிறுத்திடுறாங்க. அத்தனை ஜனமும் நடந்துதான் வருது. பால்கோவா கடையில அன்னிக்கு நிக்க இடமிருக்கா?”

“திருவிழாவும் தினசரி வியாபாரமும் ஒண்ணாக்கா?”

இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருந்தது. இந்தச் சண்டை உலகம் முழுக்க நடப்பதுதான். அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் ஷூப் 2005-ல் இதைப் பற்றி ஒரு பெரிய புத்தகமே எழுதினார். வண்டி நிறுத்த யாரும் காசு கொடுக்காததுபோலத் தோன்றினாலும், அந்தச் செலவு வீட்டு வாடகையிலும் சாமான் விலையிலும் கலந்து, கார் இல்லாதவர் தலையிலும் விழுகிறது என்பதே அவர் வாதம். நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரம், ‘இத்தனை கடைக்கு இத்தனை கார் இடம்’ என்ற கட்டாயத்தை 2017-ல் நீக்கியது. ஜப்பான் பொறுப்பை வேறு பக்கம் வைத்தது. அங்கே 1962-ல் வந்த சட்டத்தின்படி, கார் வாங்குகிறவர்தான் தன் காரை வைத்துக்கொள்ள இடம் இருப்பதைக் காட்ட வேண்டும். நம் நாட்டிலும் 2006-ம் ஆண்டின் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை, பார்க்கிங் கட்டணம் நிலத்தின் மதிப்பைக் காட்ட வேண்டும் என்றே சொல்கிறது.

அக்காவுக்கு இந்தப் புத்தகமெல்லாம் தெரியாது. அவர் கேட்டது ஒன்றுதான். “வாடகையை மூணு மடங்கு ஏத்தினா தையற்காரர் எங்கடா போவாரு? நீ மில்லுக்குப் போன முதல் நாள் போட்ட சட்டை அவரு தச்சதுதான்.”

தம்பியிடம் பதில் இல்லை. மகளின் கடனும் இருக்கிறது, அதை அக்காவும் அறிவார். அன்று சாப்பாட்டுக்குப் பிறகும் இரண்டு பேரும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை.

இரண்டு வாரம் கழித்து அக்காவே ராஜபாளையம் வந்தார். இன்ஜினீயரோடு உட்கார்ந்தார்கள். இரண்டாவது மாடியை விட்டுவிட்டால் என்ன ஆகும்? கட்டடம் சிறிதாகும், அது கேட்கும் வண்டி இடமும் குறையும். பள்ளமே வேண்டாம். தெருவைப் பார்த்து முன்பக்கம் கடைகள், பின்பக்கம் தூண்கள் மட்டும் வைத்த ஸ்டில்ட் பார்க்கிங். பக்கவாட்டு வழியில் டூவீலர்களும் சில கார்களும் போய் நிற்கலாம். வாங்க வேண்டிய கடன் வெகுவாகக் குறையும். வாடகை வரவும் குறையும்.

“மகள் கடனை அடைக்க இன்னும் நாலஞ்சு வருஷம் கூட ஆகும்” என்றார் அவர்.

“என் பங்கு வாடகையை அதுவரைக்கும் நீயே எடுத்துக்கோ” என்றார் அக்கா.

தையற்காரருக்கும் கடிகாரக்காரருக்கும் முன்பக்கமே இடம். வாடகை கூடும், ஆனால் கட்டக்கூடிய அளவில். டீக்கடைக்கு மட்டும் புதுக் கட்டடத்தில் இடம் அமையவில்லை. அவர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் கடை பார்த்துக்கொண்டிருக்கிறார்.

முகூர்த்த நாளில் கூடுதலாக வரும் கார்கள் எங்கே நிற்கும் என்ற கேள்வி பாக்கி இருக்கிறது. தெருவில்தான் நிற்கும், நாலு பேர் ஹாரன் அடிக்கத்தான் செய்வார்கள். கடைக்குக் கடை ஒரு பள்ளம் வெட்டுவதைவிட, தெருவுக்குப் பொதுவாக ஓரிடத்தில் நிறுத்தி, நிறுத்துகிறவரிடமே கட்டணம் வாங்கினால் செலவு மிச்சம், நியாயமும்கூட. இரண்டு வீடு தள்ளி ஒரு மனை வருடக்கணக்காகக் காலியாகக் கிடக்கிறது. அதை அப்படி விட முடியுமா என்று சொந்தக்காரரிடம் பேசிப் பார்க்க, அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்காவும் தம்பியும் சேர்ந்தே போகிறார்கள்.