வலப்பக்கம்

ஏழு வயதுக் குழந்தை பள்ளியிலிருந்து வீடு திரும்பியதும், "இன்று என்ன நடந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். "ஒன்னும் நடக்கல" என்றுதான் பதில் வரும். அன்று காலையில்தான் அந்தக் குழந்தை முதன்முதலாகத் தன் பெயரைத் தானே எழுதியிருக்கும். சிற்றுண்டிச்சாலையில் காசு கொடுத்து மீதியை எண்ணி வாங்கியிருக்கும். பக்கத்து இருக்கை நண்பனோடு சண்டையிட்டு, ஓய்வு நேரம் முடிவதற்குள் சமாதானமும் ஆகியிருக்கும். ஆனாலும், ஒன்றும் நடக்கவில்லை! நடந்ததைக் கோவையாக எடுத்துச் சொல்லும் திறன் அந்த வயதில் முழுமையாக வளர்ந்திருக்காது. கொஞ்ச காலத்திற்கு அந்த வேலையை வேறு யாராவது செய்ய வேண்டும். எங்கள் வகுப்பில் அதை ஒரு குறிப்பேடு செய்கிறது.

நான் ஜொகூர் பாருவிலுள்ள ஒரு தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு மாணவர்களுக்குக் கற்பிக்கிறேன். பள்ளி தொடங்கியதும் ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு பயிற்சிப் புத்தகத்தைக் கொடுத்து, அதற்கு மஞ்சள் உறை போட்டு வரச் சொல்வேன். புத்தகப்பையில் கையை விட்டவுடன் அது தனியாகத் தெரிய வேண்டும். அதன் இடப்பக்கத்தில் நான் எழுதுவேன். வலப்பக்கம் பெற்றோருக்குரியது.

அந்த வாரம் படித்த எழுத்துகள், செய்ய வேண்டிய வீட்டுப்பாடம், அடுத்த வாரம் கொண்டுவர வேண்டிய பொருள்கள் ஆகியவற்றை எல்லாருக்கும் ஒன்றுபோலவே எழுதுவேன். கடைசி வரி மட்டும் ஒவ்வொரு குழந்தைக்கும் வேறாக இருக்கும். அதில் நான் கண்ணால் கண்டதை மட்டுமே எழுதுவது வழக்கம். 'நல்ல பிள்ளை', 'இன்னும் முயற்சி தேவை' என்பன போன்ற சொற்களால் ஒரு தாய்க்குப் புதிதாக எதுவும் தெரியப்போவதில்லை. 'புதன்கிழமை தண்ணீர்ப் புட்டியின் மூடியைத் தானே திறந்தான்', 'ளகரம் எழுதும்போது நாக்கை வெளியே நீட்டிக்கொள்கிறாள்' என்று எழுதினால், இது நம் பிள்ளைதான் என்று வீட்டில் சிரிப்பார்கள். இருபத்தைந்து பிள்ளைகளுக்கு இருபத்தைந்து வரி எழுத வேண்டுமென்றால், வாரம் முழுவதும் இருபத்தைந்து பேரையும் கவனித்திருக்க வேண்டும். யாரைப் பற்றியாவது எழுத எதுவும் தோன்றவில்லை என்றால், அடுத்த வாரம் முதல் வேலையாக அந்தப் பிள்ளையின் அருகில் போய் உட்காருவேன்.

எங்கள் பள்ளிப் பெற்றோரில் பலர் சிங்கப்பூரில் வேலை செய்கிறார்கள். ஜொகூர் கடற்பாலத்தின் நீளம் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர்தான். ஆனால், காலை வேளையில் அதைக் கடக்க எவ்வளவு நேரம் ஆகும் என்பதை யாராலும் முன்கூட்டியே சொல்ல முடியாது. அதனால் அதிகாலை நான்கு மணிக்கே மோட்டார் சைக்கிளில் கிளம்பிவிடுகிறார்கள். அப்போது பிள்ளை தூங்கிக்கொண்டிருக்கும். அவர்கள் இரவில் திரும்பும்போதும் பல நாள் தூங்கிப் போயிருக்கும்.

இதில் இன்னொரு சிக்கலும் இருந்தது. 2014 முதல் 2024 வரை ஜொகூரில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். சிங்கப்பூரிலோ சனியும் ஞாயிறும். பிள்ளைக்கு விடுமுறையான வெள்ளிக்கிழமை பெற்றோருக்கு வேலை நாள். பெற்றோர் வீட்டிலிருக்கும் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைக்குப் பள்ளி நாள். இருவரும் ஒன்றாக இருக்கக்கூடிய நாள் சனிக்கிழமை மட்டுமே. சனிக்கிழமையும் வேலைக்குப் போகிறவர்களுக்கு அதுவும் இல்லை. ஆகவே, குறிப்பேட்டை வியாழக்கிழமை கொடுத்தனுப்பி ஞாயிற்றுக்கிழமை திரும்பப் பெற்றுக்கொள்வேன்.

வலப்பக்கத்தில் அதிகம் எழுதப்படுவது வீட்டுப்பாடத்தைப் பற்றித்தான். போதவில்லை என்று ஒருவர் எழுதுவார். மிகுதியாக இருக்கிறது என்று இன்னொருவர் எழுதுவார். இரண்டும் ஒரே வாரத்தில், ஒரே வீட்டுப்பாடத்தைப் பற்றி! முதலாம் ஆண்டுப் பிள்ளைக்குப் பதினைந்து நிமிடம் போதும் என்பது என் கருத்து. அதற்கு மேல் பென்சிலைக் கைதான் பிடித்திருக்கும். மனம் எங்கோ போய்விடும். அந்தப் பதினைந்து நிமிடத்திலும் பாதிதான் எழுத்து வேலை. சமையலறையில் உள்ள கரண்டிகளை எண்ணி வரச் சொல்வேன். கடைப் பெயர்ப்பலகையில் 'க' எங்கே இருக்கிறது என்று பார்த்து வரச் சொல்வேன். பாட்டியிடம் ஒரு கதை கேட்டு வரச் சொல்வேன்.

சில நாள்களில் வீட்டுப்பாடம் மிக அழகாக வந்து சேரும். ழகரத்தின் வளைவு அச்சில் வார்த்ததுபோல் இருக்கும். பார்த்தவுடனே தெரிந்துவிடும், அது அப்பாவின் கை. அவர் தவறான எண்ணத்தோடு அதைச் செய்வதில்லை. இரவு பத்து மணிக்குப் பிள்ளை தூங்கி வழிகிறது. காலையில் ஆசிரியர் கேட்பார். என்னதான் செய்வார் பாவம்? அப்படிப்பட்ட வாரங்களில் இடப்பக்கத்தில் இப்படி எழுதுவேன்: 'பிழை இருந்தால் அழிக்காமல் அனுப்புங்கள். அதைப் பார்த்தால்தான் நாளை எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று எனக்குத் தெரியும்.' 'பழம்' என்பதை ஒரு பிள்ளை 'பலம்' என்று எழுதினால், அவன் காதில் ழகரம் லகரமாக விழுகிறது என்று புரிந்துகொள்வேன். வீட்டிலேயே அழித்துத் திருத்திவிட்டால் அந்தச் செய்தி என்னிடம் வந்து சேராது. இதற்கு ஒரு தந்தை வலப்பக்கத்தில், 'அழிக்கவில்லை டீச்சர். ஆனால், கை துறுதுறுவென்று இருந்தது' என்று எழுதியிருந்தார். இன்னொருவர் வீட்டுப்பாடத்தைக் காலியாகவே அனுப்பி, 'தூங்கிவிட்டாள்' என்று ஒரே சொல்லில் பதில் எழுதினார். அந்தப் பதிலுக்கு நான் இரண்டு நட்சத்திரம் ஒட்டி அனுப்பினேன்.

மதிப்பெண் பற்றிய கேள்விகள் இப்போது குறைந்துவிட்டன. 2019ஆம் ஆண்டு முதல் மலேசியத் தொடக்கப்பள்ளிகளில் முதல் மூன்று ஆண்டுகளுக்குத் தேர்வு கிடையாது. வகுப்பறை மதிப்பீட்டின்வழி 1 முதல் 6 வரை அடைவுநிலை தருகிறோம். அது வந்த புதிதில், "அதெல்லாம் சரி டீச்சர், என் பையன் வகுப்புல எத்தனையாவது?" என்று ஒரு தாய் கேட்டார். குறிப்பேட்டின் பழைய பக்கங்களைப் புரட்டிக் காட்டினேன். பிப்ரவரியில் அவன் மூன்று எழுத்துகளைச் சேர்த்து வாசிக்கத் திணறினான். இப்போது ஒரு வாக்கியத்தையே வாசிக்கிறான். அவர் பொறுமையாகப் பார்த்தார். பிறகு, "சரி, எத்தனையாவது?" என்றார்.

புலனக் குழுவில் ஒரு செய்தி போட்டால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. நாளை விளையாட்டுச் சட்டை அணிந்து வர வேண்டும் என்பதை அங்கே போடலாம்; போடுகிறேன். ஒரு பிள்ளை இன்னும் 'ங' எழுதச் சிரமப்படுகிறாள் என்பதை இருபத்தைந்து குடும்பங்கள் படிக்க வேண்டியதில்லை. அது ஒரு வீட்டுக்கு மட்டும் உரிய செய்தி.

2020ஆம் ஆண்டில் இந்தக் குறிப்பேட்டின் வலப்பக்கம் நான் நினைத்தே பார்த்திராத ஒரு வேலையைச் செய்தது.

அந்த ஆண்டு என் வகுப்பில் ஒரு சிறுமி இருந்தாள். வீட்டில் தாயும் பாட்டியும் மட்டுமே. தாய் சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலைக்குத் தினமும் போய் வந்தார். பள்ளி விடுமுறைக்காகக் குறிப்பேடு மார்ச் 12ஆம் தேதி வியாழக்கிழமை அவள் வீட்டுக்குப் போயிருந்தது. 16ஆம் தேதி இரவு நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அறிவிக்கப்பட்டது. 18ஆம் தேதி முதல் எல்லையைக் கடக்க முடியாது. வேலையை இழக்க முடியாதவர்கள் 17ஆம் தேதியே, கையில் கிடைத்த துணிமணிகளோடு அந்தப் பக்கம் போனார்கள். அந்தத் தாயும் போனார். ஆணை மார்ச் 31 வரை என்றுதான் முதலில் சொன்னார்கள். இரண்டு வாரம்தானே என்று ஒரே ஒரு பையோடு போனார்.

ஆணை நீட்டிக்கப்பட்டது; மீண்டும் நீட்டிக்கப்பட்டது. நாங்கள் இல்லிருப்புக் கற்றலுக்கு மாறினோம். பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சிறுவயதிலேயே தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போனவர். நான் அனுப்பும் பயிற்சிகள் சிங்கப்பூரில் இருக்கும் தாய்க்குப் போகும். அவர் வேலை முடிந்து அறைக்குத் திரும்பி, காணொலி அழைப்பில் மகளுக்குச் சொல்லிக் கொடுப்பார். முதலில் சில வாரங்கள் மகள் அழைப்பில் அழுதாள். பிறகு, அழைப்பு வந்தாலே எழுந்து உள்ளே போக ஆரம்பித்தாள். "என்கிட்ட பேசவே மாட்டேங்கிறா டீச்சர்" என்று தாய் எனக்குக் குரல்பதிவு அனுப்பினார். தொழிற்சாலைக்குப் போகும் பேருந்தின் இரைச்சல் பின்னால் கேட்டுக்கொண்டிருந்தது.

குறிப்பேட்டின் வலப்பக்கம் காலியாகத்தானே இருக்கிறது, எழுதிப் பாருங்கள் என்றேன். அங்கே ஒரு புத்தகம் வாங்கி, கையால் எழுதி, படம் எடுத்து அனுப்பினால் பாட்டி அதைப் பேத்தியிடம் காட்டுவார். வாசித்துச் சொல்ல வீட்டில் வேறு ஆளில்லை. அவளே வாசிக்க வேண்டும். தாய் உடனே ஒரு கேள்வி கேட்டார்:

"இதுவரைக்கும் எந்த எழுத்தெல்லாம் படிச்சிருக்கா, டீச்சர்?"

பள்ளி மூடும்வரை உயிரெழுத்து 12, மெய்யெழுத்து 18, அகர வரிசை உயிர்மெய் 18 என மொத்தம் 48 எழுத்துகளை முடித்திருந்தோம். கால், கொம்பு, சுழி எதையும் தொடங்கவில்லை. 'அம்மா' என்ற சொல்லை மட்டும் எல்லாப் பிள்ளைகளும் பார்த்த பழக்கத்தால் வாசித்துவிடுவார்கள். அந்தப் பட்டியலை எழுதி அனுப்பினேன்.

காலும் கொம்பும் இல்லாமல் ஒரு தாய் தன் மகளுக்கு என்ன எழுத முடியும்? 'வா' என்று எழுத முடியாது. 'நீ' என்று எழுத முடியாது. 'சாப்பிட்டாயா' என்று கேட்க முடியாது. இரண்டு நாள் கழித்துப் படம் வந்தது. பெரிய பெரிய எழுத்துகளில் மூன்றே வரி.

இப்பக்கம் அம்மா.
அப்பக்கம் என் மகள்.
அம்மா நலம்.

பேத்தி ஒவ்வொரு எழுத்தாகத் திரையைத் தொட்டு வாசித்ததாகப் பாட்டி சொன்னார். தொட்டபோதெல்லாம் படம் நகர்ந்துவிட்டதாம். மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினாளாம். அன்று இரவு அழைப்பு வந்தபோது அவள் எழுந்து போகவில்லை. "இன்னும் எழுது" என்று மட்டும் சொன்னாளாம்.

அதன்பிறகு வியாழக்கிழமைதோறும் என் குறிப்பு கடலைத் தாண்டிப் போனது. ஆகார வரிசை என்று எழுதினால், அந்த வாரக் கடிதத்தில் 'வா', 'பார்' எல்லாம் வந்துவிடும். இகர வரிசை முடிந்ததும் 'பாட்டி' என்று எழுத முடிந்ததற்காகவே அவர் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்பினார். 'நீ' என்று எழுத ஈகாரம் வரை காத்திருந்தார். எந்த வாரம் எந்த எழுத்து என்பதை அவர் அளவுக்கு யாரும் கவனித்துப் படித்திருக்க மாட்டார்கள். ஒரு வாரம் என் குறிப்பு ஒரு நாள் தாமதமானது. இரவு பதினொரு மணிக்கு, "டீச்சர், ஏகாரம் முடிஞ்சிடுச்சா?" என்று கேட்டு வந்தது. மகளும் பதில் எழுதத் தொடங்கினாள். ஓகார வரிசை வந்த வாரத்தில், 'எப்போது வருவாய்?' என்று எழுதினாள். அதற்கு முன்பு அந்தச் சொல்லை அவளால் எழுத முடிந்திருக்காது. அதற்கான பதில் அப்போது யாரிடமும் இல்லை.

ஜூலை 22ஆம் தேதி முதலாம் ஆண்டு மாணவர்கள் பள்ளிக்குத் திரும்பினார்கள். ஆகஸ்டு 17 முதல், சிங்கப்பூரில் தொடர்ந்து மூன்று மாதம் வேலை செய்தவர்கள் குறுகிய விடுப்பில் ஊருக்கு வந்து போகலாம் என்ற ஏற்பாடு வந்தது. ஆனால், இரு பக்கமும் தனிமைப்படுத்தல் உண்டு. அத்தனை நாளும் சம்பளம் இல்லை. அவர் கணக்குப் போட்டுப் பார்த்தார். வரவில்லை. தடுப்பூசி போட்டவர்கள் தனிமைப்படுத்தல் இல்லாமல் தரைவழியாக வர 2021 நவம்பர் 29ஆம் தேதிதான் வழி திறந்தது. அதுவும் குறிப்பிட்ட பேருந்துகளில் மட்டும். டிசம்பரில் அவருக்கு ஓர் இருக்கை கிடைத்தது. அவர் போய் இருபது மாதங்களுக்கு மேல் ஆகியிருந்தது. மகள் இரண்டாம் ஆண்டு மாணவியாகியிருந்தாள்.

மூவரும் என்னைப் பார்க்க வந்தார்கள். சிங்கப்பூரில் வாங்கிய அந்தப் புத்தகத்தைத் தாய் கொண்டு வந்திருந்தார். தொடக்கத்தில் ஒரு பக்கத்துக்கு மூன்று வரி. கடைசியில் பக்கம் நிறையச் சின்ன எழுத்து. மகள் தாயின் கையைப் பிடித்தபடியே நின்றாள், பேசவில்லை. பாட்டிதான் பேசினார்.

"எனக்கும் கொஞ்சம் எழுத்து வந்துடுச்சு டீச்சர்" என்றார்.

அகர வரிசை வரைக்குமாம். அதற்குப் பிறகு பேத்தி வேகமாகப் போய்விட்டாளாம்.

2025ஆம் ஆண்டு முதல் ஜொகூரிலும் வார விடுமுறை சனி, ஞாயிறு என்றாகிவிட்டது. குறிப்பேட்டை இப்போது வெள்ளிக்கிழமைகளில் கொடுத்தனுப்புகிறேன். பெற்றோருக்கும் பிள்ளைக்கும் சேர்ந்தாற்போல் இரண்டு நாள் கிடைப்பதால், வலப்பக்கத்துப் பதில்கள் முன்பைவிட நீளமாக வருகின்றன. சிலர் படம்கூட வரைந்து அனுப்புகிறார்கள். இவ்வாண்டு வகுப்பில் மூன்று குறிப்பேடுகளின் வலப்பக்கம் மட்டும் இன்னும் காலியாகவே இருக்கிறது. அந்த மூன்று வீடுகளுக்கும் அடுத்த வாரம் தொலைபேசியில் பேச வேண்டும். இரண்டு வீட்டில் இரவு வேலைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். மாலை நான்கு மணிக்குப் பிறகுதான் அழைக்க வேண்டும்.