காபூலின் மணல் மைதானம்



கோல்ஃப் என்றவுடன் பச்சைப் பட்டு விரித்தாற் போன்ற புல்வெளியும், அதில் உலவும் செல்வந்தர்களுமே நம் மனக்கண்ணில் தோன்றுவர். புல்லே இல்லாத ஒரு கோல்ஃப் மைதானத்தைப் பற்றி இங்கு உங்களுக்குச் சொல்ல விழைகிறேன். ஆப்கானிஸ்தானின் தலைநகராகிய காபூலுக்கு மேற்கே, கர்கா ஏரியின் அருகே, 1967-ஆம் ஆண்டில் 9 குழிகளுடன் அது அமைந்தது.

காபூல், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில், மலைகள் சூழ்ந்த வறண்ட பள்ளத்தாக்கில் இருக்கும் நகரம். 1504-இல் அதனைக் கைப்பற்றிய பாபர் அந்நகரின்மீது கொண்ட பற்று மிகப் பெரிது. ஆக்ராவில் 1530-இல் மறைந்த அவருடைய உடல் பின்னர் காபூலுக்கே கொண்டு செல்லப்பட்டு, அவர் பெயர் தாங்கிய தோட்டத்தில் அடக்கப்பட்டது. அங்கு மழை அரிது. மலைமீது உறைந்த பனி உருகி வரும் நீரே வயலுக்கும் பழத்தோட்டத்திற்கும் உயிர்.

அத்தகைய மண்ணில் விளையாட்டுக்காகப் புல் வளர்ப்பது எங்ஙனம்? ஆகவே, குழியைச் சுற்றிப் பசும்புல் இருக்க வேண்டிய இடத்தில், மணலில் எண்ணெய் கலந்து இறுக்கிப் பரப்பினார்கள். தண்ணீர் கிடைக்காதபோது தூய மண்ணைக் கொண்டு தயம்மும் செய்ய அனுமதித்த மார்க்கத்தைப் பின்பற்றும் நமக்கு, உள்ளதைக் கொண்டு காரியத்தை நிறைவேற்றும் இவ்வழி வியப்பளிக்காது.

நீங்கள் அங்கே மட்டையேந்தி நிற்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். முதலில் மூச்சு உங்களைச் சோதிக்கும். உயரே செல்பவனின் நெஞ்சம் இறுகுவதைத் திருக்குர்ஆனின் அல்அன்ஆம் அத்தியாயம் உவமையாக எடுத்தாள்வது உங்கள் நினைவுக்கு வரக்கூடும். எனவே நிதானமாக நடக்க வேண்டும்; தாகம் எடுக்குமுன்பே நீர் அருந்த வேண்டும்; தலையை வெயிலிலிருந்து காத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது பந்து. காற்றின் அடர்த்தி குறைவாதலால், பந்தைத் தடுக்கும் ஆற்றலும் அதற்குக் குறைவு. கடற்கரை ஊரில் 150 கெஜம் செல்லும் அடி, இங்கே மேலும் 10 கெஜத்துக்குக் குறையாமல் செல்லும். கைக்குப் பழகிய மட்டையை விடுத்து, அதனினும் குறைந்த தொலைவுக்குரிய மட்டையை எடுப்பவரே விவேகி. மெல்லிய காற்று பந்தை அதிகம் வளைக்காது. மேலே தூக்கிப் பிடிக்கவும் செய்யாது. பந்து தாழ்ந்த கோணத்தில் இறங்கி, கெட்டித் தரையில் நெடுந்தூரம் உருளும். ஆதலால் குழிக்கு முன்னரே பந்தை விழச் செய்து, மீதித் தொலைவைத் தரையிடம் விட்டுவிட வேண்டும். காலைக் குளிரில் காற்று சற்று அடர்ந்திருக்கும். நண்பகல் வெப்பத்தில் மேலும் மெலியும். ஒரே அடி இரு வேளைகளில் இரு வேறு தொலைவு செல்வது இதனால்தான். தெளிந்த வானத்தில் மலைகள் அருகிருப்பதாகத் தோன்றி மயக்கும். கண்ணை நம்பாமல், காலடிகளை எண்ணி அளப்பது நன்று.

எனினும் அம்மண்ணில் காலடி வைப்பதே பேராபத்தாக இருந்த காலமும் உண்டு. 1979 டிசம்பரில் சோவியத் படை நுழைந்தது. அது வெளியேறிய பின்னர் உள்நாட்டுப் போர் மூண்டது. மைதானம் மூடப்பட்டது, பந்து உருண்ட இடத்தில் கண்ணிவெடிகள் புதைந்தன. அவற்றை அகற்றிய பிறகே 2004-இல் மீண்டும் அங்கு ஆட்டம் தொடங்கியது. பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவதையும் ஈமானின் கிளைகளுள் ஒன்றாக நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்துள்ளார்கள். மண்டியிட்டு, அங்குலம் அங்குலமாக நிலத்தைத் துழாவி வெடிகளை எடுத்தவர்களின் பணியை இதைவிட உயர்வாக எவ்வாறு சொல்வது?

வளைகுடாவில் பணிபுரியும் நம் சகோதரர்கள் துபாயில் 1988-இல் திறக்கப்பட்ட புல்வெளி மைதானத்தை அறிவார்கள். பாலையையே பசுமையாக்கும் செல்வம் அங்கே இருந்தது. காபூலிலோ நிலத்தடி நீர் ஆண்டுதோறும் கீழிறங்கி வருகிறது. குடிநீருக்காகக் குடங்களுடன் அலையும் குடும்பங்கள் பல. அந்நகரில் ஒரு துளி நீரையும் புல்லுக்குக் கேட்காத மணல் மைதானம், வீண்விரயம் கூடாதென்ற மார்க்க போதனைக்கு ஒத்ததாகவே எனக்குத் தோன்றுகிறது.

பந்தயப் பணமின்றி, தொழுகை தவறாமல் ஆடும் ஆட்டம் உடலுக்கு நலம் தரும். ஆனால் ஆப்கானிஸ்தானின் மலைச்சரிவுகளில் போர் விட்டுச்சென்ற வெடிபொருள்கள் இன்னும் உயிர்களைப் பறிக்கின்றன. அவற்றுக்கு இரையாவோருள் பெரும்பாலோர் சிறுவர்களே. பந்தைத் தேடி ஓடும் ஒரு சிறுவன், அடுத்த அடியைப் பற்றி அஞ்சாமல் ஓடும் நாளை வல்ல அல்லாஹ் அந்நாட்டு மக்களுக்கு விரைவில் அருள்வானாக! ஆமீன்.