பச்சை ஸ்மூதியும் பக்கத்து வீட்டு வேலியும்

எங்க வீட்டுல மூத்தவ பாலை நிறுத்தி எட்டு மாசம் ஆச்சு. பால், தயிர், நெய், தேன் எதுவும் தொடறதில்ல. காலேஜ் முதல் வருஷம், வீகன் ஆயிட்டாளாம். என் அம்மாவுக்கு இந்த விஷயம் இன்னும் ஜீரணமாகல. "கன்னுக்குட்டி குடிச்சது போக மிச்சம்தானேடி"ன்னு ஆரம்பிச்சு தினமும் ஒரு ரவுண்டு நடக்கும். நான் நடுவுல போறதில்ல. பேங்க்ல கஸ்டமரோட வாதாடியே தொண்டை போச்சு, வீட்டுல வேறயா.

ஆனா போன மாசம் எடுத்த ரத்தப் பரிசோதனைதான் கொஞ்சம் உலுக்கிடுச்சு. ஹீமோகுளோபின் 10.1. பி12 அளவும் ரொம்பக் கீழ. டாக்டர் இரும்புச்சத்து மாத்திரையும் பி12 மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். பொண்ணு அதோட நிக்கல. தினமும் காலையில கீரை ஸ்மூதி குடிக்கப் போறேன்னு மிக்ஸியைக் கையில எடுத்துட்டா.

கீரைக்கு மட்டாஞ்சேரியில பஞ்சமே இல்ல. குஜராத்தி ரோடு பக்கம் போனா பாலக்கும் வெந்தயக்கீரையும் கிடைக்கும். மலையாளிங்க கடையில சிவப்புச் சீரை கட்டுக் கட்டா அடுக்கியிருக்கும். கொங்கணிக்காரங்க சேம்பு இலையில பத்ரோடே பண்ணுவாங்க. இதுல ஒரு வேடிக்கை பாருங்க. மழைக்காலம் வந்தா ஜைனக் குடும்பங்கள்ல சாதுர்மாசம்னு நாலு மாசம் கீரையை ஒதுக்கிடுவாங்க, இலையில பூச்சி இருக்கும்னு. அதே மழையில, அடுத்த தெருவுல கர்க்கடக மாசத்துக்குப் பத்து வகை இலை பறிச்சு 'பத்திலத் தோரன்' வைப்பாங்க. அந்தப் பத்துல முருங்கை மட்டும் கூடாது. ஒரே ஊர், ஒரே மழை!

சரி, விஷயத்துக்கு வருவோம். நான் பி.காம். படிச்சவன், எனக்கு சத்தெல்லாம் கணக்காத்தான் புரியும். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல ஒரு உணவுச் சத்து அட்டவணை வெளியிட்டிருக்கு. அதுல 100 கிராம் முருங்கை இலைக்கு கால்சியம் 300 மில்லிகிராமுக்கு மேல. தண்டுக்கீரையும் ஏறக்குறைய அதே அளவு. பசும்பால் சுமார் 120தான். பார்த்தவுடனே பொண்ணு பாட்டிகிட்ட போய் ஜெயிச்சுட்ட மாதிரி காட்டினா.

ஆனா பேங்க்காரனுக்குத் தெரியும், பாலன்ஸ் ஷீட்ல இருக்கறதெல்லாம் கைக்கு வராது. பாலக் கீரையில ஆக்ஸலேட்னு ஒரு பொருள் கால்சியத்தைக் கெட்டியாப் பிடிச்சு வச்சுக்கும். பால்ல இருக்கற கால்சியத்துல 100-க்கு 30 பங்கு கிட்ட உடம்புல சேரும்னா, பாலக்ல 5 பங்குதான் சேரும். மீதி வாராக்கடன்! தண்டுக்கீரையும் சிவப்புச் சீரையும் இந்த விஷயத்துல பாலக்குக்கு உறவுதான். கொதிக்கிற தண்ணியில போட்டு, அந்தத் தண்ணியைக் கொட்டிட்டா ஆக்ஸலேட் ஓரளவு குறையும். பச்சையா அரைச்சா முழுசும் உள்ள போகும். சிறுநீரகக் கல் வர்ற குடும்பம்னா இன்னும் யோசிக்கணும். (என் தம்பிக்கு வந்திருக்கு, அவன் அலறினது எனக்கு ஞாபகம் இருக்கு.)

இதையெல்லாம் பேசிக்கிட்டு இருக்கறப்பதான் பக்கத்து வீட்டு சேச்சி வேலியில இருந்து ஒரு கை இலை ஒடிச்சுக் கொண்டுவந்து கொடுத்தாங்க. "மோளுக்கு நல்லதா சாரே, விட்டமின் சீரையா"ன்னாங்க. வேலிச்சீரை, மதுரச்சீரை, செக்குர்மானிஸ்னு இதுக்கு இங்க பல பேர். நம்ம ஊர்ல தவசிக்கீரை, இப்ப மாடித்தோட்டக்காரங்க மல்டி விட்டமின் கீரைன்னு சொல்றாங்க. மலேசியாவுல இருக்கறவங்களுக்கு நல்லாத் தெரியும், சாயூர் மானிஸ், முட்டை போட்டு வதக்கித் தருவாங்களே, அதேதான். பச்சையாக் கடிச்சாலே பட்டாணி மாதிரி இனிக்கும். பொண்ணு உடனே, "அப்பா, இதையே அன்னாசியோட அடிச்சிடலாம்"னா.

புதுசா எதையும் ஆவணம் பார்க்காம பாஸ் பண்ற பழக்கம் எனக்கு இல்ல. அன்னைக்கு ராத்திரி அதோட தாவரவியல் பேரைத் தேடி, சவ்ரோபஸ் ஆண்ட்ரோகைனஸ்னு பிடிச்சேன். அதுக்கப்புறம் படிச்சது தூக்கத்தைக் கெடுத்துடுச்சு.

1990-களின் நடுவுல தைவான்ல இந்த இலையை உடம்பு இளைக்க நல்லதுன்னு யாரோ கிளப்பிவிட, ஜனங்க பச்சையா அரைச்சு, கொய்யா ஜூஸ்லயோ அன்னாசி ஜூஸ்லயோ கலந்து வாரக்கணக்குல தினமும் குடிச்சிருக்காங்க. பெரும்பாலும் பெண்கள். முதல்ல இருமல், அப்புறம் மூச்சுத் திணறல். நுரையீரலோட நுண்குழாய்கள் தழும்பாகி அடைச்சுக்கிட்டது. நிறுத்தின பிறகும் அது சரியாகல. 1996-ல லான்செட் இதழ்ல 23 நோயாளிகளைப் பத்தி அறிக்கை வந்தது. மொத்தத்துல 200 பேருக்கு மேல பாதிப்பு. சிலர் இறந்துட்டாங்க, சிலருக்கு நுரையீரல் மாற்று அறுவை சிகிச்சை வரை போச்சு.

அதே இலையை மலேசியாவுலயும் கேரளாவுலயும் தலைமுறையா வேகவச்சுத் தின்னுட்டுத்தான் இருக்காங்க. வித்தியாசம் என்னன்னா, அங்க பச்சையா, அதிகமா, தினமும் குடிச்சாங்க. பத்து பேருக்கு வைக்கற தோரனை ஒரே ஆள் ஒரே டம்ளர்ல முழுங்கற வசதியை மிக்ஸி கொடுத்துடுச்சு. மெல்றதுக்கு வாய் வலிக்கும்ங்கறதே ஒரு பாதுகாப்புதான் போலிருக்கு.

மறுநாள் சேச்சிகிட்ட சொன்னேன். அவங்க பதறல. "ஞங்ஙள் ஆரும் இது பச்சைக்குத் தின்னாறில்லல்லோ சாரே"ன்னு சிரிச்சாங்க. சேம்பு இலையும் அப்படித்தான், பச்சையாத் தின்னா தொண்டை பிடுங்கும், புளி போட்டு வேகவச்சாத்தான் அடங்கும். இந்த ஞானமெல்லாம் அவங்க சமையல்லயே இருக்கு. நமக்குத்தான் லான்செட் வேண்டியிருக்கு.

இப்ப எங்க வீட்டு ஏற்பாடு இது. ஆளுக்கு ஒரு கைப்பிடி முருங்கை இலையை மூணு நிமிஷம் கொதிநீர்ல போட்டு எடுத்து, ஒரு ஞாலிப்பூவன் பழம், சின்னத் துண்டு இஞ்சி, அரை டம்ளர் இரண்டாம் தேங்காய்ப்பால் சேர்த்து அடிக்கறது. கீரையில இருக்கற பீட்டா கரோட்டின் உடம்புல சேர கொஞ்சம் கொழுப்பு வேணும், அதுக்குத்தான் தேங்காய்ப்பால். வாழக்குளம் அன்னாசி கிடைக்கற நாள்ல அதுவும் ரெண்டு துண்டு, இல்லன்னா எலுமிச்சை பிழிஞ்சுக்கறது. கீரையோட இரும்புச்சத்து சேர விட்டமின் சி வேணும். டீ மட்டும் ஒரு மணி நேரம் தள்ளி, அது இரும்பைத் தடுக்கும். தினமும் முருங்கையே இல்ல. மாத்தி மாத்தி தண்டுக்கீரை, சிவப்புச் சீரை. அதெல்லாம் வேகவச்சு, தண்ணி வடிச்சு. ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் சாப்பிடறவங்களும், சிறுநீரகக் கோளாறு இருக்கறவங்களும் டாக்டரைக் கேட்காம இதுல இறங்க வேண்டாம்.

பி12 எந்தக் கீரையிலயும் நம்பற மாதிரி கிடையாது. அதுக்கு மாத்திரைதான். இதை பொண்ணுகிட்ட மூணு தடவை சொல்லி, டப்பாவை டைனிங் டேபிள் மேலேயே வச்சிருக்கேன்.

அம்மாவும் நேத்து ஒரு வாய் குடிச்சுப் பார்த்தா. "கீரை மசியல்தானேடா இது, வாழைப்பழத்தை எதுக்குப் போட்டே?"ன்னு கேட்டுட்டு, உப்பும் ஜீரகமும் போட்டு மீதியைக் குடிச்சு முடிச்சா. அடுத்த ரத்தப் பரிசோதனை ஓணம் லீவுக்கு முன்னாடி.