கிணறு புறப்பட்ட கதை

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது என்பது தமிழ்ப் பழமொழி. டோம்பிவிலி போன்ற ஊர்களில் கதை தலைகீழாகவும் நடக்கும். எலுமிச்சை நடவோ, குழாய் பதிக்கவோ, பழைய வீட்டை இடித்துப் புதுக் கட்டடத்துக்கு வானம் தோண்டவோ மண்வெட்டியை எடுத்தால் கிணறு புறப்பட்டுவிடும்.

முதலில் தட்டுப்படுவது ஒரு கருங்கல். பக்கத்தில் இன்னொன்று. இரண்டும் நேர்கோட்டில் இல்லை, லேசாக வளைந்து போகின்றன என்பதை வீட்டுக்காரர் கவனிப்பதற்குள் கடப்பாரை சட்டென்று உள்ளே இறங்கிவிடும். அடியில் மண் இல்லை. சிறு கல்லைப் போட்டால், ஒரு விநாடி கழித்து ‘களக்’ என்று சத்தம் கேட்கும்.

அந்தச் சத்தத்தோடு வீடு கட்சி பிரிந்துவிடும். குழந்தைகள் நடமாடுகிற இடம், உடனே மூடு என்பாள் அம்மா. மேலே ஒரு ஸ்லாப் போட்டால் கார் நிறுத்தலாம் என்று கணக்குப் போடுவான் மகன். தஞ்சாவூரிலிருந்தோ திருநெல்வேலியிலிருந்தோ வந்து ஐம்பது வருஷம் குழாயடியில் காலம் தள்ளிய பாட்டி மட்டும் வேறு மாதிரிக் கேட்பாள்: “தண்ணி இனிக்கறதா, கரிக்கறதா?”

பாட்டி கேட்பதுதான் சரியான கேள்வி. ஆனால் அதற்கும் முந்திய கேள்வி ஒன்று உண்டு. வாளியும் ராட்டினமும் துவைக்கிற கல்லுமாக ஒரு காலத்தில் வீட்டுக்கே நடுநாயகமாக இருந்திருக்கக்கூடிய கிணறு எப்படித் தொலைந்துபோனது?

உல்லாஸ் நதியின் கழிக்கும் ரயில் பாதைக்கும் நடுவே வயலும் தோப்புமாக இருந்த கிராமம் டோம்பிவிலி. மாதுங்காவிலும் செம்பூரிலும் வீடு வாங்கக் கட்டுப்படியாகாத மராத்தியர், தமிழர், மலையாளிக் குடும்பங்கள் ரயிலேறி இங்கே வந்து சேர்ந்தன. தோட்ட வீடுகள் போய் நான்கு மாடிக் கட்டடங்கள் எழுந்தன. 1983இல் கல்யாண்–டோம்பிவிலி மாநகராட்சி உருவாயிற்று. குழாய் வந்த வீட்டில் கிணறு வெறுமனே இடத்தை அடைக்கும் வஸ்து. மராத்தியில் ‘விஹீர்’ என்று சொல்லி நீர் இறைத்தவர்கள் போய்ச் சேர்ந்தார்கள். அடுத்த தலைமுறைக்கு அது எந்த மூலையில் இருந்தது என்பதே தெரியவில்லை.

மும்பைக்கு இந்த மறதி இன்னும் பழையது. 1860இல் விஹார் ஏரித் தண்ணீர் குழாயில் வரும்வரை அந்தத் தீவு நகரம் கிணற்றையும் குளத்தையும் நம்பித்தான் பிழைத்தது. தோபி தலாவ், கோவாலியா டேங்க், சி.பி. டேங்க் ஆகிய இடங்களில் குளங்கள் தூர்ந்துபோய்ப் பெயர்கள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன.

கிணறுகளுக்கு வந்த எதிரி கொசு. பம்பாயின் மலேரியாவை ஆராய்ந்த டாக்டர் சார்லஸ் பென்ட்லி 1911இல் தந்த அறிக்கை, வீட்டு வளாகக் கிணறுகளைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியது. அனோஃபிலிஸ் ஸ்டீஃபென்ஸி என்ற கொசு அங்கேதான் பெருகியது. கிணறுகளை மூடச் சொல்லி உத்தரவுகள் பிறந்தன. சடங்குக்குக் கிணற்று நீர் வேண்டும் என்று பார்சிகளும் இந்துக்களும் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். ஆனாலும் ஏராளமான கிணறுகள் மூடப்பட்டன. காய்ச்சலில் ஜனங்கள் செத்துக்கொண்டிருந்தபோது எடுத்த அந்த முடிவை இன்று உட்கார்ந்துகொண்டு குறை சொல்வது எளிது, நியாயமல்ல. தவறு பின்னால் நடந்தது. மூடியவர்கள் எங்கே மூடினோம் என்று அடுத்தவர்களுக்குச் சொல்லிவிட்டுப் போகவில்லை.

சொல்லாமல் விட்டதைக் கிணறு தானே சொல்லும். 2021 ஜூன் 13, ஞாயிற்றுக்கிழமை. காட்கோபர் மேற்கில் ஒரு குடியிருப்பு வளாகத்தில் நிறுத்தியிருந்த கார், மழையில் தரை விட்டுக்கொடுக்க, தலைகுப்புறச் சாய்ந்து சில விநாடிகளில் தண்ணீருக்குள் மறைந்தது. அங்கே இருந்தது பழைய கிணறு. அதன் ஒரு பகுதியைக் கான்கிரீட்டால் மூடி, மேலே கார் நிறுத்திவந்தார்கள். காரை வெளியே எடுக்கக் கிரேன் வர வேண்டியிருந்தது. உள்ளே ஆள் இல்லாததால் நாடே அந்த வீடியோவைப் பார்த்துச் சிரித்தது.

எல்லா இடத்திலும் சிரிக்க முடிவதில்லை. 2018 அக்டோபர் 2 அன்று விலே பார்லேயில் ஒரு பழைய கிணற்றின் இரும்பு மூடிமேல் பெண்கள் பூஜைக்காகக் கூடியபோது மூடி உடைந்து, ஒரு சிறுமி உள்படப் பலர் உள்ளே விழுந்தார்கள், மூவர் இறந்தனர். 2022 பிப்ரவரியில் உத்தரப் பிரதேசத்தின் குஷிநகர் மாவட்டத்தில் கல்யாண வீட்டுச் சடங்கின்போது அதே கதை; 13 பெண்களும் சிறுமிகளும் மாண்டார்கள். 2023 மார்ச் 30, ராமநவமியன்று இந்தூர் கோயில் ஒன்றில் பக்தர்கள் நின்றிருந்த தளம் பெயர்ந்து விழுந்தது. அடியில் இருந்தது மூடப்பட்ட படிக்கிணறு. பலி 36.

எந்த மாநிலமானாலும் பாடம் ஒன்றுதான். ஸ்லாப் போடுவது கிணற்றை மூடுவதாகாது, ஒளித்துவைப்பது. கீழிருந்து எழும் ஈரம் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியை வருஷக்கணக்கில் அரித்துக்கொண்டே இருக்கும். மேலே டைல்ஸ் பளபளப்பதால் யாருக்கும் தெரிவதில்லை.

இன்னொரு கொடுமை, தண்ணீருக்கு மேலே நின்றுகொண்டே தவிப்பது. 2022 மே 7 அன்று டோம்பிவிலியை அடுத்த சந்தப் கிராமத்தருகே கல்குவாரிக் குட்டையில் துணி துவைக்கப் போன இடத்தில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த ஐவர் மூழ்கி இறந்தார்கள். வீட்டுக் குழாயில் தண்ணீர் சரியாக வராததால்தான் அங்கே போக வேண்டியிருந்தது என்றார்கள் ஊர்க்காரர்கள். 2025 ஏப்ரலில் மும்பையின் தனியார் டேங்கர்க்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது வெளியே வந்த உண்மையும் அதுதான். மத்திய நிலத்தடி நீர் ஆணையத்தின் அனுமதி இல்லாமல் கிணற்றிலும் ஆழ்துளைக் கிணற்றிலும் நீர் எடுக்கக் கூடாது என்று நோட்டீஸ் போனதும் லாரிகள் நின்றன. பல அடுக்ககங்கள் தத்தளித்தன. கிணறு பழங்காலச் சங்கதி என்று நினைத்துக்கொண்டிருந்த மாநகரம், பணம் கொடுத்து அதே கிணற்றுத் தண்ணீரைத்தான் வாங்கிக்கொண்டிருந்தது.

ஆகவே தோட்டத்தில் புறப்பட்ட கிணற்றை மண்ணைத் தள்ளி மூடுவதற்கு முன் கொஞ்சம் யோசிப்பது நல்லது. யோசிக்கும்போது ஆர்வக்கோளாறில் யாரும் உள்ளே இறங்கிவிடக் கூடாது. நெடுநாள் மூடிக் கிடந்த கிணற்றில் பிராணவாயு குறைந்திருக்கும், விஷவாயுவும் இருக்கலாம். 2024 ஜூலையில் சத்தீஸ்கரில், உள்ளே விழுந்த கட்டையை எடுக்க இறங்கியவரும் அவரைக் காப்பாற்றப் போனவர்களுமாக ஐந்து பேர் ஒரே கிணற்றில் மடிந்தார்கள். அரிக்கேன் விளக்கைக் கட்டி இறக்கிப் பார்க்கும் ஊர் வழக்கமும் போதாது. விளக்கு அணைந்தால் பிராணவாயு இல்லை என்று தெரியும். தீப்பற்றும் வாயு இருந்தாலோ அந்த விளக்கே வினையாகிவிடும். முதலில் சுற்றிலும் தடுப்பு வேண்டும். பிறகு, தெரிந்த ஆட்களைக் கொண்டு காற்றைச் சோதித்துவிட்டுத்தான் தூர் வாரும் வேலை.

அப்படித் தெரிந்த ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். பெங்களூரில் தலைமுறை தலைமுறையாகக் கிணறு வெட்டிவரும் மண்ணு வட்டர் சமூகத்தார், கப்பன் பூங்காவில் மண்மூடிக் கிடந்த பழைய கிணறுகளைத் தூர்வாரி மீட்டுக் கொடுத்தார்கள். சென்னையில் சேகர் ராகவன் 2002இல் தொடங்கிய மழை மையம், கூரை நீரை வீட்டுக் கிணற்றுக்கே திருப்பிவிடும் வித்தையைச் சொல்லிக்கொடுத்துவருகிறது. டோம்பிவிலிக்கு இது இன்னும் பொருந்தும். கொங்கணத்தில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிறது. நூறு சதுர மீட்டர் மொட்டை மாடியில் விழும் 2,000 மில்லிமீட்டர் மழை என்பது இரண்டு லட்சம் லிட்டர் தண்ணீர். எரிமலைப் பாறையின் இடுக்குகளில் சேரும் நீர் மழைக்காலத்தில் கைக்கெட்டும் உயரத்துக்கு வருவதும் மே மாதத்தில் பாதாளத்துக்குப் போவதும் இந்தப் பக்கக் கிணறுகளின் சுபாவம். மழையைக் கொடுத்தால்தான் கோடையில் திருப்பிக் கேட்க முடியும்.

தண்ணீரைச் சோதனைக்கு அனுப்பாமல் வாயில் வைக்கக் கூடாது. பக்கத்தில் சாக்கடையும், சற்றுத் தள்ளி ரசாயனத் தொழிற்சாலைகளும் இருக்கிற ஊர் இது. குடிக்க லாயக்கில்லை என்று முடிவு வந்தாலும் கிணறு வீணில்லை. ஒரு ஆளுக்கு நாளைக்கு 135 லிட்டர் என்று அரசு போடும் கணக்கில் குடிக்கவும் சமைக்கவும் போவது சொற்பம். கழிப்பறைக்கும் செடிகளுக்கும் ஊற்ற ஏரித் தண்ணீர் எதற்கு? பென்ட்லியின் கொசுவுக்கும் வழி உண்டு: இறுக்கமான வலை, உள்ளே கொஞ்சம் கப்பி மீன்.

கிணற்றைக் காப்பாற்ற முடியும் என்பதற்கு மும்பையிலேயே சாட்சி இருக்கிறது. சர்ச்கேட் பக்கத்தில் பிகாஜி பெஹ்ராம் என்ற பார்சி 1725இல் வெட்டிய கிணறு, கடலுக்கு அவ்வளவு அருகில் இருந்தும் நல்ல தண்ணீர் தந்தது. பார்சிகள் அதைப் புனிதமாகக் கருதிப் பராமரித்துவருகிறார்கள். 2025இல் அதற்கு 300 வயது நிறைந்தது.

எல்லோராலும் அப்படிப் பேண முடியாது. மூடித்தான் ஆக வேண்டும் என்றால், அடிவரை ஜல்லியும் மணலுமாக நிரப்பி, இறுக்கி மூட வேண்டும். அதோடு, மனையின் வரைபடத்தில் அந்த இடத்தில் ஒரு வட்டம் போட்டு, அகலமும் ஆழமும் மூடிய தேதியும் எழுதிப் பத்திரத்தோடு வைக்க வேண்டும். வீடு கைமாறும்போது சாவியோடு அந்தத் தாளும் கைமாற வேண்டும். காலணாச் செலவில்லாத காரியம். அதைச் செய்யாமல் போனதற்குத்தான் எங்கோ ஒருவர், அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாமல், தன் குழந்தையை அங்கே விளையாட விடுகிறார்.