மலை என்று பெயர் பெற்ற மேடு

கோலார் தங்கவயலுக்கு முதன்முறை வருபவர், நகரைச் சூழ்ந்து நிற்கும் வெளிறிய குன்றுகளை இயற்கையின் ஆக்கம் என்றே கருதுவார். ஊரார் அவற்றைச் 'சயனைடு மலை' என்பர். அவை மலைகள் அல்ல. 1880களில் ஜான் டெய்லர் குழுமம் பணி தொடங்கியது முதல், 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனத்தின் சுரங்கங்கள் மூடப்பட்டது வரை, பாறையை அரைத்துச் சயனைடு கரைசலால் தங்கத்தைப் பிரித்தபின் எஞ்சிய மணல் அது, ஏறத்தாழ 3.3 கோடி டன்.

மாரிகுப்பத்தின் லைன் வீடொன்றில் ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளி ஒருவர் வாழ்கிறார். வட ஆர்க்காட்டில் உழவை விட்டுவந்த குடும்பத்தின் மூன்றாம் தலைமுறை. வாசலில் கீரை விதைத்தார். ஆடிக் காற்றில் பறந்துவந்த மணல் பாத்தியை மூடியது. "இந்த மண்ணுல சத்தும் இல்ல, சாரமும் இல்லங்க" என்றார் மனைவி. அடுத்த கோடையில் அவர் வற்றிய ஏரியிலிருந்து நான்கு சாக்கு வண்டல் கொண்டுவந்து கொட்டினார். முதல் மழைக்குப்பின் முளைக்கீரை தழைத்தது.

அவர் செய்தது புதிதன்று. வற்றாத ஆறு இல்லாத கோலார் மாவட்டம் ஏரிகளை நம்பி வாழ்வது. மேட்டுநிலத்திலிருந்து மழை அரித்துச் சென்ற மண் ஏரியில் படியும்; கோடையில் அதை வெட்டி வயலுக்கு வண்டல் அடிப்பது உழவர் வழக்கம். ஏரி ஆழம் பெறும். நிலம் உரம் பெறும். எடுத்ததைத் திருப்பித் தரும் கணக்கு அது. சுரங்கத்தின் கணக்கு வேறு. 800 டன்னுக்கு மேற்பட்ட தங்கம் வெளியேறியது; அரைத்த பாறை ஊரிலேயே தங்கியது.

2024 ஜூன் மாதம், இம்மேடுகளில் 13இலிருந்து மீண்டும் தங்கம் எடுக்கும் ஒன்றிய அரசின் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. வேலைக்காக நாள்தோறும் பெங்களூருக்கு ரயிலேறும் தலைமுறைக்கு இது நம்பிக்கை தரும் செய்தி. ஆயினும் ஒரு வினா எஞ்சுகிறது: கிராம் கணக்கில் தங்கத்தைப் பிரித்தபின், டன் கணக்கான அந்த மணல் எங்கே போகும்?

கழிவைச் சிமெண்டுடன் கலந்து பழைய குடைவுகளை நிரப்புவதும், மேடுகளை மண்போர்த்திப் புல் வளர்ப்பதும் உலகின் பல சுரங்கங்களில் நடைமுறையில் உள்ளவை. அவை வேலைவாய்ப்பு வாக்குறுதிக்கு நிகரான நிபந்தனைகளாக எழுதப்பட வேண்டும். இல்லையேல் மலை இடம் மாறும், காற்று மாறாது.

பெரியவர் இவ்வாண்டும் சாக்குகளை மடித்து வைத்திருக்கிறார்.