கூட்டற் கணக்கு

இலக்கியம் கற்பிக்கும் அந்த ஆசிரியை விடைத்தாள் திருத்த அஞ்சுவதில்லை. புள்ளிகளைக் கூட்டவே அஞ்சுவார். மும்முறை கூட்டினால் மூன்று விடைகள் வரும். ஏழுடன் எட்டைக் கூட்டுவதற்கு இன்றும் மேசையின் கீழே விரல்கள் மடங்கும். பஸ் நடத்துநர் தரும் மிச்சக்காசை எண்ணாமலே பையில் இடுவார். பத்து மணிக் கூட்டத்திற்கு எப்போது புறப்படுவதெனக் கணிக்க இயலாது, ஒன்பது மணிக்கே சென்று காத்திருப்பார்.

பள்ளிக்காலத்தில் இதனைச் சோம்பல் என்றனர். ஆனால், பொது அறிவாற்றல் குன்றாதிருக்க, மூளையின் பிறவியமைப்பினாற் கணித ஆற்றல் மட்டும் குறைபடும் நிலையொன்று உண்டென்பதை, அன்றைய செக்கோசிலோவாக்கியாவின் உளவியலாளர் லாதிஸ்லாவ் கொஷ்ச் 1974இல் வரையறுத்துக் காட்டினார். 'டிஸ்கல்கூலியா' எனப்படும் இக்குறைபாடு நூற்றுக்கு 3 முதல் 6 பேர் வரையில் இருப்பதாக ஆய்வாளர் பலர் மதிப்பிடுகின்றனர்.

குறைபாட்டிலும் அதை மறைக்கும் முயற்சியே ஆசிரியையைப் பெரிதும் வாட்டியது. ஒருமுறை, அவரது கூட்டற் பிழையால் மாணவி ஒருத்தி சித்தியெய்தத் தவறினாள். மீள்பரிசீலனையிற் பிழை திருத்தப்பட்டது. எனினும், அவளது அழுத முகம் அவர் நெஞ்சை விட்டகலவில்லை. மறுநாளே சக ஆசிரியரிடம் உண்மையைக் கூறினார். அவர் நகைக்கவில்லை, விடைத்தாட் கட்டைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார்.

இப்போது ஒருவர் திருத்த, மற்றவர் கூட்டுகிறார். மாணவருக்குரிய புள்ளி குறையாமற் போய்ச் சேர்கிறது.