உட்கார்ந்தபடி திறக்கும் கதவு

நம் நாட்டுத் தாமான் வீடுகளின் முன்கதவைப் பற்றி எழுத வேண்டுமெனச் சில மாதங்களாகவே எண்ணியிருந்தேன். பள்ளி விடுமுறை வாய்த்ததால் இன்று எழுதுகிறேன். முதிய பெற்றோரை உடன்வைத்துப் பேணும் ஆசிரிய நண்பர்களுக்கும், நடக்க இயலாத பிள்ளையை வளர்க்கும் பெற்றோர்களுக்கும் இது பயன்படக்கூடும்.

தொடர்வீடுகளின் அமைப்பு நாமறிந்ததே. முன்னே மகிழுந்து நிறுத்தும் கூரையிட்ட இடம். அதை ஒட்டி அலுமினியச் சட்டமிட்ட இழுவைக் கண்ணாடிக் கதவு. அதற்கு வெளியே இரும்புக் கிரில். வெளிச்சம் வேண்டிக் கண்ணாடியை வைத்தோம். திருடனுக்கு அஞ்சி இரும்பை வைத்தோம். நடப்பவர்கள் இவற்றை ஒரு பொருட்டாகவே எண்ணுவதில்லை. நானும் பதினைந்து ஆண்டுகள் அக்கதவின் வழியே போய்வந்தவள்தான்.

என் தாயாருக்கு வாதம் கண்டு மூன்றாண்டுகள் ஆகின்றன. இடப்பக்கம் செயலிழந்துவிட்டது. வலக்கையாலும் வலக்காலாலும் சக்கர நாற்காலியை நகர்த்தி வீட்டுக்குள் எங்கும் செல்வார். வெளியே செல்ல மட்டும் ஒருவர் துணை வேண்டும். தோட்டத்தில் பிறந்து, லயத்து வீட்டின் அஞ்சடியில் அமர்ந்தே ஊர்க்கதை முழுவதையும் கேட்டு வளர்ந்தவர் அவர். இப்போது கண்ணாடிக்கு இப்பால் அமர்ந்து, எதிர்வீட்டு அக்காள் வாயசைப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"நாங்கள்தான் இருக்கிறோமே, தள்ளிக்கொண்டு போகிறோம்" என்று உறவினர் சொல்வதுண்டு. அவர்கள் அன்பில் எனக்கு ஐயமில்லை. ஆனால், நானும் என் கணவரும் காலை ஆறே முக்காலுக்கு வேலைக்குப் புறப்பட்டுவிடுகிறோம். உதவிக்கு வரும் அம்மையார் ஒன்பது மணிக்குத்தான் வருவார். அந்த இரண்டேகால் மணி நேரத்தில் அடுக்களையில் ஏதேனும் பற்றிக்கொண்டால் என்ன செய்வது? பூட்டிய கிரிலுக்குள் சிக்கி உயிரிழந்தோரைப் பற்றி நாளேடுகளில் படித்திருக்கிறோம். எனவே, கதவு மாற்றும்போது நான் விதித்த நிபந்தனை ஒன்றே ஒன்று: அம்மா தாமே, ஒரே கையால், உட்கார்ந்தபடி திறக்க வேண்டும்.

முதலில் அளவெடுத்தோம். எல்லாரும் 'வாசலை அகலப்படுத்துங்கள்' என்றே அறிவுரை கூறினர். நாற்காலியின் அகலம் 64 செ.மீ.; பழைய கதவைத் திறந்தால் கிடைத்த வழி 78 செ.மீ. நாற்காலி நுழையும், சக்கரத்தை உருட்டும் கையின் முழங்கைதான் சட்டத்தில் இடிக்கும். ஆகவே 90 செ.மீ. என முடிவு செய்தோம். ஆனால், அகலம் அங்கே பெரிய சிக்கலே அன்று. தரையிலிருந்து 4 செ.மீ. எழுந்து நின்ற அலுமினியத் தடம், அதைத் தாண்டியதும் 10 செ.மீ. இறங்கும் படி, விரல்நுனியால் நெம்ப வேண்டிய கொக்கித் தாழ், பிறகு கிரிலின் தடமும் தொங்குபூட்டும். வாசலை எத்துணை அகலப்படுத்தினாலும் இவை அப்படியேதான் இருந்திருக்கும்.

மாற்றுத்திறனாளிகள் சட்டம் 2008இல் வந்தது. பொதுக் கட்டடங்களுக்குள் அவர்கள் செல்லும் உரிமையை அச்சட்டம் பேசுகிறது. எம்.எஸ். 1184 என்னும் மலேசியத் தர ஆவணம் அதற்குரிய அளவுகளைத் தருகிறது. 2014இல் அது புதுப்பிக்கப்பட்டது. சொந்த வீட்டுக்குள் வந்து இவற்றை அளந்து பார்ப்பார் யாருமில்லை. நாமே அளந்தால்தான் உண்டு.

சாய்தளத்திற்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு என்னும் விகிதம் பலரும் அறிந்ததே. 10 செ.மீ. இறக்கத்திற்கு 120 செ.மீ. நீளம். ஐந்தாம் ஆண்டில் பயிலும் என் மகனே இக்கணக்கைப் போட்டுவிட்டான். ஆனால், சாய்தளம் கதவடியிலேயே தொடங்கினால், கதவை இழுக்கும் நேரத்தில் நாற்காலி உருளத் தொடங்கிவிடும். ஆகவே கதவுக்கு வெளியே, கூடத்தின் மட்டத்திலேயே 150 செ.மீ. சமதளம் எழுப்பி, அதன்பிறகே சாய்தளத்தைத் தொடங்கினோம். இரண்டும் சேர்ந்து 270 செ.மீ. இதன் விளைவாக என் கணவரின் மகிழுந்து இப்போது வாயிற்கதவுக்கு வெளியே வெயிலில் நிற்கிறது. அவர் இன்னும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்.

கண்ணாடிக் கடைக்கு அம்மாவையும் அழைத்துச் சென்றேன். கடைக்காரரான சீனப் பெரியவர் என்னைப் 'சிக்கு' என்று அழைத்து, எல்லா விளக்கமும் எனக்கே அளித்தார். கதவைத் திறக்கப்போகிறவர் அம்மா என்றதும் சற்றுத் தயங்கிப் பின் ஒவ்வொன்றாய்க் காட்டினார்.

மடிப்புக் கதவு பார்க்கப் பேரழகு. முழுச் சுவரும் திறந்துகொள்ளும். ஆனால், மேலும் கீழும் சொருகுத்தாழ்கள். மேலே உள்ளதை உட்கார்ந்தவர் எட்ட முடியாது. கீழே உள்ளதைக் குனிந்தால் விழ நேரும். மடிப்புகளுக்கிடையே விரல் நசுங்கும் ஆபத்தும் உண்டு. அம்மா அதை ஒருமுறை தொட்டுவிட்டுத் தலையசைத்தார். கீல் வைத்த இரட்டைக் கதவைத் திறப்பது எளிது. உள்நோக்கித் திறந்தால் நாற்காலியைப் பின்னே நகர்த்திக்கொண்டே இழுக்க வேண்டும், வெளிநோக்கித் திறந்தால் காற்றில் அறையும். ஒரு கை உள்ளவருக்கு இரண்டும் ஒத்துவரா.

எஞ்சியது இழுவைக் கதவு. இதில் எடையை எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு சதுர மீட்டர் கண்ணாடி, ஒவ்வொரு மில்லிமீட்டர் தடிப்புக்கும் ஏறத்தாழ 2.5 கிலோ எடையுள்ளது. ஒரு மீட்டர் அகலமும் 210 செ.மீ. உயரமும் கொண்ட 8 மி.மீ. கண்ணாடி 42 கிலோ! அம்மா கைப்பிடியைப் பற்றி இழுத்தார். முதல் அசைவுக்குத்தான் பலம் தேவைப்பட்டது. அதன்பின் கதவு தானே ஓடி மோதியது.

"இழுக்க முடியுதும்மா. நிறுத்தத்தான் முடியல" என்றார்.

இது எனக்குத் தோன்றியிராத ஒன்று. அதனாலேயே இறுதியில் வேகத்தைக் குறைத்து மெல்லச் சாத்தும் பொறி பொருத்திய கதவைக் கேட்டோம். கைப்பிடியும் குழிவானது வேண்டாமென்று, முழங்கால் உயரத்திலிருந்து தோள் உயரம்வரை செல்லும் நீண்ட குழாய்ப்பிடியைத் தேர்ந்தோம். விரல் சோர்ந்தால் முன்கையாலேயே தள்ளலாம். கதவு வலப்பக்கம் நகர வேண்டும் என்பதும் அம்மாவின் முடிவே. இடப்பக்கம் இழுத்தால் நாற்காலியும் சேர்ந்து திரும்பிவிடுகிறதாம்.

தரைத்தடம் வேண்டாமென்றால் கதவை மேலிருந்து தொங்கவிட வேண்டும். எடை முழுவதையும் மேல்விட்டம் தாங்கும். தரையில் ஓரத்தில் ஒரு சிறு வழிகாட்டி மட்டும் இருக்கும். பெரியவர் முகம் சுளித்தார். "சிக்கு, ஆயிர் மாசோக்" என்றார். தண்ணீர் உள்ளே வந்துவிடுமாம். அவர் சொன்னதில் நியாயமுண்டு. உயர்ந்து நிற்கும் தடம் வீணுக்கு வைத்ததன்று. நம் நாட்டு மழையைத் தடுப்பதற்கே வைத்தது. அதை எடுத்தால் அதன் வேலையை வேறொன்று செய்தாக வேண்டும். அம்மாவோ சந்தை மலாயில், "தாக் அபா, போலே லாப்" என்று முடித்துவிட்டார். துடைத்துக்கொள்ளலாமாம்!

துடைக்கும் வேலை என்னுடையது என்பதால் நான் அவ்வளவு எளிதில் விடவில்லை. எங்கள் கூரை கதவிலிருந்து ஐந்து மீட்டர் முன்னே நீள்கிறது. நேர்மழை படாது, சாரல்தான் வரும். சமதளத்தை வெளிப்புறமாய்ச் சிறிதே சாய்த்து, கதவுக்கு முன்னே குறுக்காக ஒரு வடிகால் வெட்டி, சக்கரம் சிக்காத நெருக்கமான கம்பித்தட்டு இட்டோம். வேலை முடிந்த அன்று குழாயைத் திறந்து தண்ணீரைப் பீய்ச்சிப் பார்த்தோம். கால் நனையும் அளவுகூட உள்ளே வரவில்லை. பெருமழையில் சிறிது கசிகிறது. துடைத்துக்கொள்கிறேன்.

கண்ணாடி, வெப்பமேற்றி உறுதிப்படுத்தியது. உடைந்தால் கூரிய சில்லுகளாகாமல் சிறுமணிகளாக உதிரும். அது கண்ணுக்குத் தெரியாமல் இருப்பதே மற்றோர் ஆபத்து. விளையாடும் பிள்ளைகள் ஓடிவந்து மோதுவார்கள். ஆதலால் நிற்பவர் கண்மட்டத்தில் ஒன்று, அமர்ந்தவர் கண்மட்டத்தில் ஒன்று என இரு வரிசையாய் ஒட்டுப்படம் ஒட்டினோம். புள்ளிக்கோலமாக இருக்கட்டும் என்றார் அம்மா. வரிசைக்கு எத்தனை புள்ளி என்றும் அவரே சொன்னார்.

கிரிலில்தான் பலர் கோட்டைவிடுகின்றனர். பல்லாயிரம் ரிங்கிட்டில் கதவை மாற்றிவிட்டு, பழைய கிரிலின் தடத்தை அப்படியே விட்டுவிடுவார்கள். எங்களுடையதைச் சமதளத்தின் ஓரத்தில் கீல் வைத்து, சுவரோடு மடியும்படி மாற்றினோம். தொங்குபூட்டு போயிற்று. உள்ளிருந்து சாவியின்றித் திருகித் திறக்கும் பூட்டை ஒரு மீட்டர் உயரத்தில் பொருத்தி, வெளியிலிருந்து யாரும் கைவிட்டுத் திருகாதபடி சுற்றிலும் இரும்புத் தகடு அடைத்தோம். கதவு, கிரில் இரண்டையும் திறந்து வெளியே வர அம்மாவுக்கு ஒரு நிமிடத்திற்கும் குறைவாகவே ஆகிறது. மகன் கடிகாரம் வைத்துப் பார்த்தான்.

இப்போது காலையில் நான் புறப்படும்போதே அவரும் வெளியே வந்துவிடுகிறார். எதிர்வீட்டு அக்காளும் பூக்கூடையோடு வந்துவிடுவார். மாலையில் கொசு வருகிறது. அதற்குத்தான் இன்னும் வழி பிறக்கவில்லை. சுருள்வலைக் கதவுகள் எல்லாவற்றிலும் கீழே ஒரு தடம் இருக்கிறது. தரைமட்டத்தில் அமையும் ஒன்று கிடைக்கும்வரை கொசுவர்த்திதான்.